இருட்டு, குளிர்ச்சி, காத்து

டெல்லி மயூர் விஹாரில் அந்த அடுக்குமாடி சொசைட்டியில் வத்சலாவைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் அவளிடம் ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் அதைவிடக் குறைவு. லிஃப்டில் குப்பையைச் சிந்தினாலும், மொட்டை மாடிக் குழாயைச் சொட்டச் சொட்ட விட்டுவிட்டு வந்தாலும் அவள் கதவு திறக்கும். ஸ்டெனோவாகச் சேர்ந்து, ஒரு அமைச்சகத்தில் பிரைவேட் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவள். பெரிய பெரிய அதிகாரிகள் மென்று முழுங்கிப் பேசியதையெல்லாம் சுருக்கெழுத்தில் பிடித்துப் போட்ட கை. தன் கையால் செய்த காரியத்தில் பிசகு வராது என்று அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. இது அந்தக் கர்வத்தைப் பற்றிய கதை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாள். புதினாவைப் பற்றியது என்பாள்.

பிறந்தது கோல் மார்க்கெட் அரசாங்கக் குவார்ட்டர்ஸில். கேட்டால் சொந்த ஊர் கும்பகோணம் என்பாள். அங்கே போனால் மூன்றாம் நாளே வயிறு கெட்டுப்போய், ஜி.டி. எக்ஸ்பிரஸ் எப்போது என்று கேட்க ஆரம்பித்துவிடுவாள். கைப்பிடித்த மகாதேவன் கப்பல் சம்பந்தப்பட்ட ஃபைல்களைப் பார்த்தே அண்டர் செக்ரட்டரி ஆனவர். கப்பலில் ஏறியதில்லை. அதிகம் பேச மாட்டார். பேசினால் அது பெரும்பாலும் குறையாக இருக்கும். இந்த இருவருக்கும் ஒரே பிள்ளை, அனிருத்.

அனிருத் அப்பாவைப் போலவும் இல்லை, அம்மாவைப் போலவும் இல்லை. வாய் ஓயாது, கை ஓயாது. மேதாவைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த மறு வருஷம் ஊரடங்கு வந்தது. எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது அவன் பால்கனியில் ஒரு வேலையை ஆரம்பித்தான். ரயில் பயணத்துக்காக எப்போதோ வாங்கிய நீல நிற ஐஸ் பெட்டியை எடுத்து, மூடியில் வட்ட வட்டமாக ஓட்டை போட்டான். ஓட்டைக்கு ஒரு சின்னப் பிளாஸ்டிக் கூடையைப் பொருத்தினான். பெட்டிக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு ரப்பர் குழாய், குழாயின் நுனியில் மீன் தொட்டியில் போடுகிற காற்றுக் கல், வெளியே ஒரு சின்ன ஏர் பம்ப். தள்ளுவண்டிக்காரரிடம் துவையலுக்கு வாங்கிய புதினாக் கட்டிலிருந்து நாலு நல்ல தண்டாகப் பொறுக்கிக் கூடைகளில் செருகினான்.

"கெட்டுது போ. துவையலுக்கு வாங்கினதைத் தொட்டில்ல போட்டுத் தாலாட்டறான்," என்றாள் வத்சலா. "மண்ணே இல்லாம இது எப்படிடா உசிரோட இருக்கும்?"

"மண்ணுல இருக்கற சத்தைத்தான் தண்ணியில கலக்கியாச்சேம்மா. அதுக்கப்புறம் வேருக்கு மூணே மூணு விஷயம். இருட்டு, குளிர்ச்சி, காத்து. வெளிச்சம் பட்டா தண்ணியில பாசி பிடிக்கும். சூடு ஏறினா வேர் அழுகும்."

"காத்து?"

"வேரும் மூச்சு விடும்மா. இந்தக் குமிழி வந்துண்டே இருக்கணும். நின்னா மூச்சு முட்டிப் போயிடும்."

பம்பைப் போட்டான். பெட்டிக்குள் களகளவென்று சத்தம் கிளம்பியது. சில நாளில் மூடியைத் தூக்கிக் காட்டியபோது, கூடைகளின் அடியில் சேமியா மாதிரி வெள்ளை வெளேரென்று வேர் இறங்கியிருந்தது. அந்த வருஷம் முழுவதும் வீட்டில் புதினாத் துவையல், புதினா சாதம், புதினா போட்ட மோர். "புதினா காபி ஒண்ணுதான் பாக்கி," என்று மகாதேவன்கூடச் சிரித்தார்.

அடுத்த ஏப்ரலில் டெல்லிக்கு என்ன ஆயிற்று என்பது ஊருக்கே தெரியும். வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்தது. மற்ற மூவருக்கும் காய்ச்சல் இருமலோடு போயிற்று. அனிருத்துக்கு நெஞ்சில் இறங்கியது. எந்த ஆஸ்பத்திரியிலும் படுக்கை இல்லை. மேதா ஒரு நிமிஷம் விடாமல் போனில் யார் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். சொசைட்டிக்காரர்கள் எங்கிருந்தோ ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதன் கழுத்தில் தண்ணீர் நிரப்பிய ஒரு சின்ன பாட்டில். காற்று அதற்குள் குமிழியிட்டுக்கொண்டு போய்த்தான் அவன் மூக்குக்குச் சேரும். குமிழி வருகிற வரை பயமில்லை என்று சொல்லியிருந்தார்கள். வத்சலா பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சிலிண்டர் தீர்ந்துகொண்டே வந்தது. இன்னொன்றுக்காக மகாதேவன் விடியற்காலையில் போய் வெயிலில் வரிசையில் நின்றார். மத்தியானம் அந்த பாட்டிலில் குமிழி நின்றது. அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அனிருத்தும் நின்றுவிட்டான் என்பது வத்சலாவுக்கு உடனே புரியவில்லை. குமிழி வரவில்லையே என்று பாட்டிலைத் தட்டிக்கொண்டிருந்தாள். அப்போது லிஃப்ட் கதவு திறக்கிற சத்தம். சிலிண்டரை இழுத்துக்கொண்டு மகாதேவன் வாசலில் நுழைந்தார். நுழைந்தவர், "அப்பாடா," என்றார்.

அந்த 'அப்பாடா' எதற்கு என்று அவளுக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. பிறகு கேட்கத் தைரியம் வரவில்லை.

காரியங்களெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் பால்கனிக் கதவைத் திறந்தாள். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் தண்ணீர் மாற்றியிருக்கவில்லை, யாரும் சத்து ஊற்றியிருக்கவில்லை. அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்திருந்தன. மூடியைத் தூக்கினால் வேர் மட்டும் அவன் விட்டுப் போனபடியே வெள்ளையாக இருந்தது. வத்சலா அங்கேயே தரையில் உட்கார்ந்து, அத்தனை நாளும் வராத அழுகையை அழுதாள்.

அன்றிலிருந்து அந்தப் பெட்டி அவள் பொறுப்பு. யாரும் கேட்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். குழாய்த் தண்ணீர் உப்பு என்று ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்தாள். அனிருத் வாங்கி வைத்திருந்த மீட்டரைத் தண்ணீரில் விட்டு, சத்து எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து ஊற்றினாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவளும் மேதாவுமாகப் பழைய தண்ணீரைக் கொட்டிப் பெட்டியைத் தேய்த்துக் கழுவுவார்கள். மே மாதத்தில் பாட்டில்களில் தண்ணீரை உறைய வைத்துப் பெட்டிக்குள் மிதக்க விடுவாள். ஃப்ரீசரில் வேறு எதற்கும் இடம் இருக்காது. மூடியின் இடுக்கில் வெளிச்சம் போகாமல் கறுப்புத் துணி. கரண்ட் போய்விட்டால் செய்வதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். பெட்டியிலிருந்து ஒரு சொம்பு தண்ணீரை மொண்டு, காபி ஆற்றுகிற மாதிரி உயரத் தூக்கி உயரத் தூக்கி ஆற்றித் திரும்ப ஊற்றுவாள். அப்படி ஆற்றினால் தண்ணீரில் காற்று கலக்கும். கரண்ட் வருகிற வரை, கை கடுக்கக் கடுக்க ஆற்றிக்கொண்டிருப்பாள். நாலு தண்டு பெருகிப் பெட்டி நிறைந்து பால்கனிக் கம்பியைத் தாண்டியது. தண்டு முற்றினால் நுனியைக் கிள்ளி வேர் விடவைத்துப் புதுக் கூடையில் வைப்பாள். எல்லாம் அவன் நட்ட அந்த நாலு தண்டின் வம்சம்தான்.

மகாதேவனுக்கு அது ஆகவில்லை. பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டே இருந்தார். அவள் திறந்தால் அவர் சாத்துவார். படுக்கையைக்கூடப் பின்பக்க அறைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஆத்துக்குள்ள கொசு வளர்க்கறயா? டெங்கு வந்து சாகணுமா எல்லாரும்?"

"ஓடற தண்ணியில கொசு முட்டை போடாது. கொசு லார்வா பார்க்க வந்த முனிசிபாலிட்டி ஆளே சொல்லிட்டுப் போனான், 'ஆன்ட்டிஜி, பானி சல் ரஹா ஹை, டீக் ஹை'ன்னு. தண்ணி ஓடறது, பரவாயில்லையாம்."

"அவனுக்கென்ன, அவன் போயிட்டான். நானன்னா இந்தச் சத்தத்தோட இருக்கேன்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவார்.

பிள்ளை வைத்துவிட்டுப் போன செடி மேல்கூட இந்த மனுஷருக்குப் பாசமில்லையே என்று வத்சலாவுக்கு உள்ளுக்குள் எரியும். நாற்பது வருஷம் குடித்தனம் செய்தவரை அவள் முதல் தடவையாக மனதுக்குள் வெறுத்தது அந்தக் கதவுக்காகத்தான். அவளுக்கோ அந்தச் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வரும்.

மேதா அவர்களோடேயே இருந்தாள். ஓய்வு பெற்று இந்தூரில் குடியேறியிருந்த அவள் அப்பா கூப்பிட்டுப் பார்த்தார். "வேலை இங்கதானேப்பா," என்று சொல்லிவிட்டாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண், தமிழ் பாதி, ஹிந்தி பாதி. மாமனாரை அப்பா என்றும் மாமியாரை அம்மா என்றும் வந்த நாளிலிருந்தே கூப்பிட்டவள். அவளுக்கு இன்னொரு கல்யாணம் ஆகவேண்டும் என்ற பேச்சை எடுத்தது மகாதேவன்.

"அவளுக்கு வயசு முப்பத்துமூணு. நம்ம ரெண்டு பேரோட உக்காந்து சீரியல் பார்க்கவா பொறந்தா?"

வத்சலா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு அவளே மேதாவை உட்கார வைத்துப் பேசினாள். சரி என்று சொல்ல மேதாவுக்கு ஒரு வருஷம் பிடித்தது. பையன் பெயர் ப்ரணவ். மேதாவின் கம்பெனியில் புனே கிளையில் வேலை. வீட்டுக்கு வந்தான், கூச்சப்படாமல் சாப்பிட்டான், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தான். அவனிடம் ஏதாவது ஒரு குறை கிடைக்குமா என்று வத்சலா துருவித் துருவிப் பார்த்தாள். கிடைக்கவில்லை, அதுதான் அவளுக்குப் பெரிய குறையாக இருந்தது.

அந்தச் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்திர கிரகணம். வத்சலா அந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டாள். மத்தியானமே சாப்பாட்டை முடித்துவிட்டு, மகாளயத் தர்ப்பணத்துக்காக மகாதேவன் வாங்கி வைத்திருந்த தர்ப்பைக் கட்டை எடுத்தாள். சின்னச் சின்னதாக நறுக்கி ஊறுகாய் ஜாடி, தயிர்ப் பாத்திரம், தோசை மாவு, குடிதண்ணீர் என்று எல்லாவற்றிலும் போட்டாள். கிரகண தோஷம் அண்டாமல் இருக்க அவள் அம்மா செய்தது, அவளும் செய்தாள். கையில் ஒரு துண்டு மிஞ்சியது. அதோடு பால்கனிப் பக்கம் வந்தவள் பெட்டிக்கு முன்னால் நின்றாள். இதுவும் தண்ணீர்தானே என்று தோன்றியது. அன்றைக்கு அவனைக் காப்பாற்ற ஒரு துரும்பைக்கூட அவளால் கிள்ளிப் போட முடியவில்லை. ஒரு கூடையைத் தூக்கி, அந்தத் தர்ப்பைத் துண்டை உள்ளே போட்டாள். மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் காலை தலைக்குக் குளித்துவிட்டு ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் தர்ப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். குடிதண்ணீரைக் கொட்டினாள். கை நிறைய ஈரத் தர்ப்பையோடு பால்கனிக்குப் போகிற நேரத்தில் மேதா பின்னாலேயே வந்தாள். ஆபீசுக்குக் கிளம்பி நின்றவள் என்னவோ சொல்ல வந்து தயங்கினாள்.

"அம்மா, ப்ரணவோட அம்மா போன் பண்ணினா. நவம்பர்ல டேட் ஃபிக்ஸ் பண்ணலாமான்னு கேக்கறா."

"பேஷா பண்ணட்டும். தீபாவளி கழிச்சுதான் நல்லது."

"அச்சா. அப்புறம், இன்னொண்ணு கேக்கணும். இந்தப் புதினாலேர்ந்து ஒரு கிளை நான் எடுத்துண்டு போகட்டுமா? இதைப் பத்தி ப்ரணவுக்கு எல்லாம் தெரியும்மா. அவரே பால்கனியில இடம் காலி பண்ணி வச்சிருக்கார்."

இவளைக் கொடுத்தாயிற்று, இதையுமா என்றுதான் வத்சலாவுக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன் மேலேயே கோபமும் வந்தது. கிள்ளினால் ஒன்றும் குறையாது, பெட்டி நிறையக் கிளை இருக்கிறது. ஆனாலும் வாயில் வேறு வார்த்தைதான் வந்தது.

"வேர் இன்னும் தேறலைடி. அப்புறம் பார்க்கலாம்."

மேதா தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். பொய் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். முந்தின நாள்தானே இரண்டு பேருமாகப் பெட்டியைக் கழுவினார்கள். வத்சலா கையிலிருந்ததைக் கொண்டுபோய் வாசலில் துளசித் தொட்டியில் போட்டுவிட்டு, அடுப்படியில் போய் நின்றுகொண்டாள். பால்கனிக்குத் திரும்பிப் போகவே இல்லை. பெட்டிக்குள் கிடந்த துண்டு அவள் நினைவிலிருந்து சுத்தமாகப் போயிற்று.

அடுத்த ஞாயிறு கல்யாண ஜவுளிக்காகக் கரோல் பாக் போனார்கள். பெட்டியைக் கழுவவில்லை. வெயில் வேறு குறைந்தபாடில்லை. வார நடுவில் ஒரு மத்தியானம், பெட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் இலைகள் தொங்கின. புழுக்கம் என்று நினைத்து ஐஸ் பாட்டில் போட்டாள். மறுநாளும் தொங்கின. மூடியைத் தூக்கினாள். தூக்கும்போதே சாக்கடை வாடை முகத்தில் அடித்தது.

வெள்ளையாக ஒன்றும் இல்லை. வேர் மொத்தமும் பழுப்பாகி வழவழவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டால் தோல் கழன்று கையோடு வந்தது. காற்றுக் கல்லிலிருந்து குமிழி சரியாக வரவில்லை. கல்லைச் சுற்றி என்னவோ சிக்கியிருந்தது. எடுத்துப் பார்த்தாள். சளி பூத்துப்போன தர்ப்பைத் துண்டு.

அழுகலுக்குத் தர்ப்பைதான் காரணமா, கழுவாத ஞாயிறா, செப்டம்பர் வெயிலில் சூடேறிய தண்ணீரா என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீரில் வளர்க்கிற செடிக்கு ஒரு வாரக் கவனப் பிசகே போதும். ஆனால் வத்சலா தீர்ப்பு எழுதிவிட்டாள். நான்தான் போட்டேன், என் கையால்தான் போட்டேன் என்று அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கத்தியிருந்தால் யாராவது வந்திருப்பார்கள். அவள் கத்தவில்லை.

பிறகு ஓய்வு ஒழிவில்லாமல் வேலை செய்தாள். வேர்களை ஓடுகிற தண்ணீரில் அலசினாள். கத்தரிக்கோலைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, அழுகினதையெல்லாம் வெட்டினாள். மருந்துப் பெட்டியில் புண் கழுவ வைத்திருந்த ஹைட்ரஜன் பெராக்சைடைத் துளித் துளியாகத் தண்ணீரில் கலந்து, மிச்ச வேரை அதில் முக்கினாள். பெட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்தாள். குழாய் புதிது, கல் புதிது, சத்து பாதி அளவு. இரண்டு நாள் இலைகள் நிமிர்ந்தன. அவளும் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் தண்டின் அடி கறுத்துச் சாய ஆரம்பித்தது.

இனி வேரை நம்பிப் பயனில்லை என்று புரிந்ததும், பச்சையாக இருந்த நுனிகளை எல்லாம் கிள்ளினாள். வெளிச்சம் படாத பாத்திரம் வேண்டும், ஒன்றின் நோய் இன்னொன்றுக்குத் தொற்றக்கூடாது. வீட்டிலிருந்த எவர்சில்வர் டம்ளர்களை எல்லாம் எடுத்து, டம்ளருக்கு ஒரு கிளையாக வைத்துச் சமையல் மேடையில் வரிசை கட்டினாள். ஆபீசிலிருந்து வந்த மேதா பார்த்தாள். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு டம்ளராக எடுத்துத் தண்ணீரை மாற்ற ஆரம்பித்தாள்.

"நான்தான்டி தர்ப்பையைப் போட்டேன்," என்றாள் வத்சலா.

"அம்மா, அனிருத்துக்கே ஃபர்ஸ்ட் டைம் போட்ட பாலக் கீரை பூரா கராப் ஆச்சு, அழுகிடுத்து. உங்களுக்கு ஞாபகம் இல்லையா? அவனும் நாலு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுண்டு இருந்தான்."

"அவன் கீரை போச்சுன்னா இன்னொண்ணு போடலாம். இது?"

மேதா அடுத்த டம்ளரை எடுத்தாள். இரண்டு பேரும் தண்ணீர் மாற்றி முடித்தார்கள்.

மறுநாள் காலை காபி குடிக்க டம்ளர் இல்லை. மகாதேவன் மேடையைப் பார்த்தார், வரிசையாக நின்ற டம்ளர்களைப் பார்த்தார். வத்சலா சண்டைக்குத் தயாராக இடுப்பில் கை வைத்தாள். அவர் அலமாரியில் கிடந்த பீங்கான் கோப்பையை எடுத்துக் கழுவி, அதில் காபியை ஊற்றிக்கொண்டு போய்விட்டார். பீங்கானில் காபி குடித்தால் மருந்து மாதிரி இருக்கிறது என்கிற மனுஷர்.

கிளைகள் ஒன்றொன்றாகப் போயின. காலையில் பச்சையாக இருப்பது சாயங்காலம் அடியில் கறுத்திருக்கும். கறுத்ததைத் தூக்கிப் போட்டு டம்ளரைக் கொதிநீரில் கழுவிக் கவிழ்ப்பாள். நவராத்திரிக்கு வந்த மாமிகளிடம் புதினா போயிற்று என்று சொன்னால், "பஜார்ல கட்டுக் கட்டா கிடைக்கறதே, இதுக்குப் போயா?" என்றார்கள். அவர்களுக்குச் சுண்டல் கொடுத்து அனுப்பினாள். கவிழ்ந்த டம்ளர்கள் கூடிக்கொண்டே வந்து, கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

அந்த ஒன்று வேர் விட்டது. தண்டின் கணுவிலிருந்து ஒரு வெள்ளை நூல். மறுநாள் இரண்டு. வத்சலா அதை யாருக்கும் காட்டாமல், கண் பட்டுவிடுமோ என்று டம்ளரை மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். தீபாவளிக்கு முன்னால், கழுவித் துடைத்த ஐஸ் பெட்டியில் புதுத் தண்ணீர் நிரப்பி, அந்தக் கிளையை நடு ஓட்டையில் வைத்துப் பம்பைப் போட்டாள். மற்ற ஓட்டைகளைக் கறுப்புத் துணியால் மூடினாள். களகளவென்று சத்தம் வந்தது. அந்தப் பெரிய பெட்டியில் அது ஒற்றைக் கிளை. இருந்தாலும் அது அனிருத்தேதான் என்று இருந்தது அவளுக்கு.

கல்யாணம் கோயிலில் எளிமையாக நடந்தது. மகாதேவனும் வத்சலாவும் முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டார்கள். மாங்கல்யம் கட்டுகிற நேரத்தில் மேதா தலையைத் திருப்பி வத்சலாவைத்தான் பார்த்தாள். வத்சலா சிரித்தாள். எப்படிச் சிரித்தாள் என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை.

புனேவுக்குக் கிளம்புகிற அன்று மேதாவும் ப்ரணவும் சொல்லிக்கொள்ள வந்தார்கள். வெளியே நவம்பர் புகை, எதிர் பிளாக்கே தெரியவில்லை. மேதா புதினாப் பேச்சையே எடுக்கவில்லை. அவள் எடுக்காததுதான் வத்சலாவை என்னவோ செய்தது. எழுந்து பால்கனிக்குப் போனாள். பெட்டி மூடியிலிருந்து கூடையைத் தூக்கினாள். ஒரு சாண் நீளத்துக்கு வேர், ஒரு பழுப்புப் புள்ளி இல்லாமல் இருந்தது. அதை எவர்சில்வர் டம்ளரில் இறக்கி, வாயைப் பஞ்சால் அடைத்து, சுற்றிலும் கறுப்புத் துணியைக் கட்டிக் கொண்டுவந்தாள்.

"அம்மா, நஹி. ஒண்ணே ஒண்ணுதானே இருக்கு. நீங்க வச்சுக்கோங்கோ."

"கேட்டப்ப பெட்டி நிறைய வச்சுண்டு இல்லைன்னேன். இப்ப ஒண்ணுதான் இருக்கு, எடுத்துக்கோ. ஏ.சி. கோச்சுல குளிர்ச்சிக்குக் குறைவில்லை. துணியை அவிழ்க்காதே, உள்ள இருட்டா இருக்கணும். நடுநடுவுல தண்ணியை எடுத்து ரெண்டு ஆத்து ஆத்தி ஊத்து."

"தழைச்சதும் நான் ஒரு கிளை அனுப்பறேம்மா. பக்கா."

"அனுப்ப வேண்டாம்," என்றாள் வத்சலா. "அது அங்கேயே இருக்கட்டும். நீயும் திரும்பித் திரும்பிப் பார்த்துண்டு இருக்காதே."

மேதா அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ப்ரணவ் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கோயில் தீர்த்தத்தை வாங்குகிற மாதிரி ஜாக்கிரதையாக வாங்கினான். அவன் நல்லவனாகவே இருந்து தொலைத்தான்.

நிஜாமுதீன் ஸ்டேஷனில் ரயில் நகர்கிற வரை நின்றுவிட்டு, இரண்டு பேரும் ஆட்டோவில் வீடு திரும்பினார்கள். கதவைத் திறந்து உள்ளே நுழைந்தால் அந்தச் சத்தம். பால்கனியில் பம்ப் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வத்சலா செருப்பைக்கூடக் கழற்றாமல் பால்கனிக்குப் போனாள். மூடியைத் தூக்கினாள். துணிகள் நழுவி விழுந்தன. வெறும் தண்ணீர், அதில் குமிழிகள் வந்து வந்து உடைந்தன. ஸ்விட்சை அணைத்தாள்.

செடி அழுகிப் பம்ப் நின்றிருந்த நாட்களில்கூட வீட்டில் மேதா இருந்தாள்; இவ்வளவு நிசப்தத்தை அவள் கேட்டதில்லை. குழாய் சொட்டுவதும் கேட்டது. பின்பக்க அறையிலிருந்து மகாதேவன் வேகமாக வந்தார்.

"ஏன் நிறுத்தினே?"

"யாருக்காக ஓடணும்? எல்லாரும் போயாச்சு. நீங்களும் நிம்மதியா இருங்கோ. இந்தச் சத்தம்தான் ஆகலையே உங்களுக்கு."

அவர் பால்கனிக் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச வாயெடுத்து, இருமி, மறுபடி வாயெடுத்தார்.

"அன்னிக்கு சிலிண்டரை இழுத்துண்டு லிஃப்ட்லேர்ந்து வந்தேனே. கதவுகிட்ட வரச்சே குமிழிச் சத்தம் கேட்டுது. அவன் பாட்டில்தான்னு நினைச்சுண்டேன். உசிரோட இருக்கான், நேரத்துக்கு வந்துட்டோம்னு நினைச்சு, அப்பாடான்னேன். உள்ள வந்து பார்த்தா நீ பாட்டிலைத் தட்டிண்டிருக்கே. சத்தம் இங்கேர்ந்து வந்திருக்கு."

வத்சலா மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"வாசல்லேர்ந்து அந்த ரூம் வரைக்கும், அவ்வளவு நேரம் அவன் எனக்கு உசிரோட இருந்தான்டி. உனக்கு அது இல்லை, எனக்கு இருந்தது. இந்தச் சத்தம் கேக்கறபோதெல்லாம் வாசல்லேர்ந்து உள்ள வரேன். தினம் வரேன். கதவைச் சாத்தாம நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

இத்தனை வருஷமாக அந்தக் கதவுக்காக இந்த மனுஷரை வெறுத்தோமே என்று அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல் இருந்தது. அவர் சட்டையின் கைப்பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டாள். அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அன்றைக்கும், சுடுகாட்டிலிருந்து வந்தபோதும் அவர் அழவில்லை. இப்போது குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"சரி, விடுங்கோ. நிறுத்தியாச்சு. இனிமே கேக்காது," என்றாள்.

"அதுக்கில்லை," என்றார் மகாதேவன். "இதையும் நிறுத்திட்டா அப்புறம் அவன் எங்கேயும் இல்லை."

முழங்கால் வலியோடு குனிந்து, ஸ்விட்சை அவரே போட்டார். தண்ணீரில் ஒரு குமிழி வந்தது, பிறகு வரிசையாக வந்தன. அவர் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூடியைப் போடு, வத்சலா. வெளிச்சம் பட்டா பாசி பிடிக்கும்."

வத்சலா மூடியைப் போட்டாள். மூடியில் செடி இல்லாத ஓட்டைகள் அத்தனையும் திறந்து கிடந்தன. மகாதேவன் சமையலறைக்குப் போய், எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு ஓட்டையின் மேலும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து மூடினார்.